சிற்ப வடிவிலான மர நினைவு வாங்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மறைந்த ஒருவரின் ஞாபகார்த்தமாகப் பாடசாலையிலோ, கோயில் வீதியிலோ, வீட்டு முற்றத்திலோ ஒரு மர வாங்கு அமைக்க விரும்புபவர்கள் திருகோணமலை நகரிலிருந்தும் மூதூர், கிண்ணியா, குச்சவெளி, தம்பலகாமம் ஆகிய இடங்களிலிருந்தும் எங்கள் மரவேலைப் பட்டறைக்கு வருகிறார்கள். அவர்கள் பெரும்பாலும் கேட்கும் கேள்விகளுக்கான விடைகளை இங்கே எழுதியிருக்கிறோம். வேறு தச்சரிடம் செய்விப்பவர்களுக்கும், தாமே செய்ய முனைபவர்களுக்கும் இவை பயன்படும்.

இறந்தவர் நினைவாக இருக்கை அமைப்பது மேலைநாட்டு வழக்கம் அல்லவா?

பெயர்ப்பலகை பதித்த பூங்கா வாங்குகள் மேலைநாடுகளில் பரவலாக இருப்பது உண்மையே. ஆயினும், வழிப்போக்கரின் களைப்பை ஆற்றும் ஒன்றை இறந்தவரின் பெயரால் நாட்டுவது தமிழரிடையே நெடுங்காலமாக இருந்துவரும் அறம். கருவுற்ற நிலையில் இறந்துபோன பெண்ணுக்காக அவளுடைய குடும்பத்தார் தெருவோரத்தில் சுமைதாங்கிக் கல் நாட்டினார்கள். நிமிர்த்தி நட்ட இரண்டு கற்களின் மேல் இன்னொரு கல் கிடையாகக் கிடக்கும். தலைச்சுமையோடு நடந்து வருபவர் பிறர் கை உதவியில்லாமல் சுமையை அதன்மேல் இறக்கி வைத்து, ஆறிய பின் மீண்டும் தாமே தலைக்கு ஏற்றிக்கொள்வார். யாழ்ப்பாணத்தின் பழைய தெருக்களில் சுமைதாங்கியும், கால்நடைகள் உடம்பை உரசிக்கொள்ள நட்ட ஆவுரோஞ்சிக் கல்லும், கேணியும், மடமும் அருகருகே இருப்பதை இன்றும் பார்க்கலாம்.

சுமைதாங்கியின் உயரத்தை முடிவு செய்தது நாட்டியவரின் கற்பனை அன்று, சுமையோடு வருபவரின் தோள் உயரம். நினைவு வாங்கு ஒன்றை வடிவமைக்கும்போது நாங்கள் முதலில் மனத்திற் கொள்வதும் இதுவே. அதில் அமரப் போகிறவரின் உடலுக்கு இசையாத சிற்பம் எவ்வளவு அழகாக இருந்தாலும், சில மாதங்களில் யாரும் அணுகாத பொருளாகிவிடும். யாரும் அணுகாத இடத்தில் பெயர் வாசிக்கப்படுவதில்லை.

எந்த மரம் ஏற்றது?

கூரையின்றி வெளியில் நிற்கும் வாங்குக்கு மரத்தின் பெயரை விட அதன் வைரமே, அதாவது நடுவிலுள்ள முதிர்ந்த கடினப் பகுதியே, முக்கியமானது. வெளிப்புறத்திலுள்ள வெளிர்நிற வெள்ளைப் பகுதி, மரம் உயிரோடிருந்தபோது நீரைக் கடத்தியது. அதில் மாப்பொருள் தேங்கியிருப்பதால் பூச்சியும் பூஞ்சையும் முதலில் அதையே தின்னும். தேக்கானாலும் முதிரையானாலும் வெள்ளையை நீக்காமல் சேர்த்து இழைத்தால், அந்தப் பகுதி சில மாரிகளுக்குள் உளுத்துவிடும். ஆகவே மரக்காலையில் பலகை தெரிவு செய்யும்போது, "என்ன மரம்?" என்று கேட்பதோடு நின்றுவிடாமல், வெட்டுமுகத்தைப் பார்த்து வைரம் எவ்வளவு இருக்கிறது என்று மதிப்பிட வேண்டும்.

வளைவுகள் நிறைந்த சிற்ப வேலைக்கு எங்கள் முதல் தெரிவு தேக்கு. அது அளவான எடையுள்ளது. காய்ந்த பின் அதிகம் முறுகாது. அதிலுள்ள இயற்கை எண்ணெய் ஈரத்தையும் கறையானையும் நெடுங்காலம் தடுக்கும். உளியின் கூர்மையை அது விரைவில் மழுக்கிவிடும் என்பது மட்டுமே குறை. இந்த நகரின் பெயரைத் தாங்கிய பிரித்தானியப் போர்க்கப்பல் ஒன்று 1817 ஆம் ஆண்டில் பம்பாயில் தேக்கு மரத்தால் கட்டப்பட்டது. இரண்டு நூற்றாண்டுகள் கழிந்த பின்னரும் அது இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் துறைமுகத்தில் மிதந்துகொண்டிருக்கிறது. நல்ல தேக்கு என்ன செய்யும் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை.

திருகோணமலைக்கென்றே உரிய மரம் ஒன்றும் உண்டு. சிங்களத்தில் ஹல்மில்ல என்றும் தமிழில் சாவண்டலை, சமண்டலை என்றும் வழங்கும் மரம், முற்காலத்தில் இந்தத் துறைமுகத்திலிருந்து சென்னைக்கு ஏற்றுமதியாகி, அங்கே வணிகர்களிடையே "திருகோணமலை மரம்" என்றே பெயர் பெற்றிருந்தது. சென்னைக் கரையின் பேரலைகளைக் கடக்கும் மசூலாப் படகுகளை அதனால் செய்தார்கள்; பீப்பாய்களுக்கும் வண்டிகளுக்கும் அது பயன்பட்டது. எடைக்கு மிஞ்சிய வலிமையும், ஒடியாமல் வளைந்து கொடுக்கும் இயல்பும் அதற்கு உண்டு. முதுகு சாயும் வளைந்த பட்டைகளுக்கு இதைவிடப் பொருத்தமான மரத்தை நாங்கள் அறியோம். முறையாகக் கிடைத்த வைரப் பலகை இருக்குமானால், இந்த ஊரின் நினைவு வாங்குக்கு அதையே பரிந்துரைக்கிறோம்.

முதிரையின் பொன்னிறமும் பட்டுப்போன்ற மினுக்கமும் ஈடற்றவை. ஆனால் அதன் தூள் சிலருடைய தோலில் கடுமையான அரிப்பையும் கொப்புளத்தையும் உண்டாக்கும். முகமூடியும் நீண்ட கைச்சட்டையும் இல்லாமல் அதை அரத்தாளால் தேய்க்கக் கூடாது. பாலை மரம் நீரில் அமிழும் அளவுக்கு அடர்த்தியானது. முன்பு புகையிரதத் தண்டவாளங்களுக்கு அடியில் இடும் கட்டைகளாகப் பயன்பட்டது. அதில் நுட்பமான செதுக்கு வேலையை எதிர்பார்க்க முடியாது, ஆனால் கால்களுக்கும் கீழ்த் தாங்கிகளுக்கும் அது மிக நன்று. கடற்கரை வேலிகளில் வளரும் பூவரசின் வைரம் கரும்பழுப்பு நிறத்தோடு செதுக்க இதமாக இருக்கும். குற்றிகள் பெரும்பாலும் சிறியவையாகவும் கோணலாகவும் கிடைப்பதால் கைபிடிகளுக்கே போதுமாகும். மாமரமும் இறப்பர் மரமும் வெளியில் நிலைக்க மாட்டா.

எங்கள் வளவில் விழுந்த மரத்திலேயே செய்ய முடியுமா?

பெரும்பாலான குடும்பங்களின் விருப்பம் இதுதான், நாங்களும் இதையே பெரிதும் விரும்புகிறோம். 2020 டிசெம்பர் 2 ஆம் திகதி புரெவிப் புயல் திருகோணமலைக்கு வடக்கே கரையைக் கடந்ததைப் போன்ற நாட்களில் வேம்பு, பலா, இலுப்பை முதலிய முதிர்ந்த மரங்கள் சாய்ந்துவிடுகின்றன. தந்தை நட்ட வேம்பு, தந்தையின் பெயரைத் தாங்கும் வாங்காக மாறுவதில் உள்ள நிறைவை விலைக்கு வாங்கிய தேக்கு தர முடியாது.

முதலில் சட்டத்தைக் கவனிக்க வேண்டும். பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகியவற்றை வெட்டுவது 1951 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்கு உட்பட்டது. வளவுக்குள் நின்ற மரமாயினும், வாகனத்தில் ஏற்றிச் செல்லப் பல மரவகைகளுக்கு அனுமதிப்பத்திரம் வேண்டும். கிராம அலுவலரிடம் தொடங்கி, பிரதேச செயலகத்திலும் வனப் பாதுகாப்புத் திணைக்களத்தின் உள்ளூர் அலுவலகத்திலும் விசாரித்த பின்னரே வாகனத்தை ஒழுங்கு செய்யுங்கள்.

அடுத்தது மரத்தின் உள்ளே இருப்பது. வேலியோரம் நின்ற மரங்களில் முள்ளுக்கம்பியும் ஆணியும் புதைந்திருக்கும். போர்க்காலத்தைக் கடந்து வந்த மரங்களில் சன்னங்களும் எறிகணைச் சிதறல்களும் வைரத்துக்குள் மூடுண்டு கிடப்பது இந்த மாவட்டத்தில் அரிதன்று. மர ஆலையின் வாள் அவற்றிற் பட்டால் பற்கள் உடைந்து பறக்கும். ஆகவே குற்றியை அரிவதற்கு முன் உலோகம் காட்டும் கருவியால் சோதிப்பது கட்டாயம். இரும்பு நெடுங்காலம் கிடந்த இடத்தில் மரம் நீலக் கருமையாகக் கறைபட்டிருக்கும். சில குடும்பத்தினர் அந்தக் கறையை வாங்கின் முகப்பில் அப்படியே விடும்படி கேட்டிருக்கிறார்கள். மரமும் அந்தக் காலத்தை அவர்களோடு கடந்தது என்பதால் அது சரியான முடிவென்றே கருதுகிறோம்.

வேம்பைப் பற்றி ஒரு சொல். அதன் கசப்பால் பூச்சிகள் எளிதில் நெருங்குவதில்லை. ஆனால் நார்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு ஓடுவதால், அவசரமாகக் காயவைத்தால் முறுகும். சீவுளி போகும் திசையெல்லாம் பிய்ந்து வரும். கூரிய உளியும் பொறுமையும் இருந்தால் அழகான வேலை செய்யலாம்.

மரம் எவ்வளவு காலம் காய வேண்டும்?

காற்றில் உலர்த்தும்போது ஒவ்வோர் அங்குலத் தடிப்புக்கும் ஏறத்தாழ ஓர் ஆண்டு என்பது தச்சர்களின் பொதுக் கணக்கு. இரண்டு அங்குலப் பலகைக்கு இரண்டு ஆண்டுகள் வேண்டும் என்றால், அந்தியேட்டிக்கோ முதலாம் ஆண்டுத் திவசத்துக்கோ வாங்கை முடித்துத் தரும்படி கேட்பவர்களுக்குப் பச்சை மரத்தில் செய்துகொடுக்க இயலாது என்பது விளங்கும். முதலாம் ஆண்டுக்கு வேண்டுமானால் ஏற்கெனவே உலர்ந்த பலகையை வாங்கிச் செய்யலாம். வளவின் மரமே வேண்டுமானால் இரண்டாம் அல்லது மூன்றாம் ஆண்டு வரை பொறுக்க வேண்டும்.

திருகோணமலையில் மழையின் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் ஜனவரி வரை வாடையோடு வருகிறது. வைகாசி தொடங்கி வீசும் வறண்ட கச்சான் காற்றோ மரத்தை மிக விரைவாக உலர்த்தும். விரைவு இங்கே நன்மையன்று. மேற்பரப்பு சுருங்கி, உள்ளே ஈரம் தங்கினால் பலகை வெடிக்கும். நீரும் காற்றும் வெட்டுமுகத்தின் வழியாகவே மிக வேகமாகப் போய்வருகின்றன என்பதால், அரிந்த அன்றே இரு முனைகளுக்கும் மெழுகோ தடித்த வர்ணமோ பூசி, பலகைகளுக்கிடையே சம அளவான சட்டங்களை வைத்து, நிழலான கொட்டிலில் அடுக்க வேண்டும்.

வடிவத்தை எவ்வாறு தீர்மானிக்கிறீர்கள்?

குடும்பத்தாரிடம் மறைந்தவரின் பதவிகளையும் பட்டங்களையும் நாங்கள் முதலிற் கேட்பதில்லை. அவர் எங்கே, எப்படி உட்காருவார் என்று கேட்கிறோம். கிணற்றுக்கட்டில் ஒரு காலை மடித்து உட்காருபவரா, வாசற்படியில் தூணோடு சாய்பவரா, பேசும்போது பக்கத்திலிருப்பவரை நோக்கி உடம்பைத் திருப்புபவரா? இந்தக் கேள்விக்கு விடை சொல்லும்போது வீட்டிலுள்ளவர்கள் தம்மை அறியாமலே அவரைப்போல உட்கார்ந்து காட்டுவார்கள். வாங்கின் முதற்கோடு அங்கே கிடைக்கிறது. ஒரு காலை மடித்து உட்காரும் பழக்கமுள்ளவருக்கான வாங்கின் ஒருபக்கம் அகலமாகவும் கைபிடியின்றியும் இருக்கும். திரும்பிப் பேசுபவருக்கான வாங்கு நேர்கோடாக இராமல் மெல்ல உள்வளைந்து, இரு முனைகளில் இருப்பவர்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கும்படி அமையும்.

அதன் பிறகே அவருடைய தொழிலும் ஊரும் வருகின்றன. கடற்றொழிலாளி ஒருவருக்கு வாங்கு செய்யும்போது, தோணியை அப்படியே இருக்கையாக்கும் எண்ணம் எல்லோருக்கும் எழும். அது பெரும்பாலும் விளையாட்டுப் பூங்காப் பொருளாக முடிந்துவிடும். தோணியின் முன்பகுதியான அணியம் நீரிலிருந்து மேலெழும் அந்த ஒரு வளைவை மட்டும் முதுகுச் சாய்வின் மேல்விளிம்புக்குக் கொடுத்தால், அறிந்தவர்கள் அறிந்துகொள்வார்கள். அறியாதவர்களுக்கும் அது அழகான வளைவாகவே தோன்றும். ஒரு வாங்குக்கு ஒரு கருத்து போதும். மானும் தாமரையும் கோபுரமும் இராவணன் வெட்டும் சேர்ந்து ஒரே பலகையில் இடம் கேட்கும்போது, நாங்கள் ஒன்றைத் தெரிந்தெடுக்கும்படி பணிவாக வேண்டுகிறோம்.

வரைபடத்தை மட்டும் வைத்து ஒப்புதல் தர வேண்டாம். ஐந்திலொரு பங்கு அளவில் களிமண் மாதிரி ஒன்றைச் செய்து எல்லாப் பக்கமும் திருப்பிப் பாருங்கள். பின்னர் முழு அளவில் மலிவான பலகையாலும் அட்டையாலும் ஒரு போலி வாங்கு செய்து, வீட்டிலுள்ள மிக வயதானவரையும் மிகச் சிறியவரையும் அதில் உட்காரவைக்க வேண்டும். நல்ல மரத்தில் உளி வைப்பது அதற்குப் பின்னரே.

அவருடைய முகத்தைச் செதுக்க முடியுமா?

முடியும், ஆனால் நாங்கள் செய்வதில்லை. வெயிலிலும் மழையிலும் மரத்தின் மேற்பரப்பு நரைத்து, நுண்ணிய வெடிப்புகள் தோன்றும். அவை ஒரு முகத்தின் மேல் ஓடுவதைப் பார்ப்பது பிள்ளைகளுக்கு வேதனையாக இருக்கும். முகத்தின் மேல் சாய்ந்து உட்காரவும் யாருக்கும் மனம் வராது.

அளவுகள் எவ்வளவு இருக்க வேண்டும்?

இருக்கையின் உயரம் நிலத்திலிருந்து 43 முதல் 45 சென்ரிமீற்றர். முதியோர் அதிகம் வரும் கோயில் வீதிக்கும் மருத்துவமனை வளாகத்துக்கும் 46 அல்லது 47. உட்காரும் ஆழம் 40 முதல் 45 சென்ரிமீற்றர். ஆளொருவருக்கு 55 முதல் 60 சென்ரிமீற்றர் அகலம் என்று கணக்கிட்டால், ஒன்றரை மீற்றர் நீள வாங்கில் இருவர் தாராளமாகவும் மூவர் நெருங்கியும் இருக்கலாம். முதுகுச் சாய்வு செங்குத்திலிருந்து பத்துப் பாகை அளவு பின்னோக்கிச் சரிந்தால் போதும். அதற்கு மேல் சரிந்தால் முதியவரால் எழுந்திருக்க முடியாது.

எழுந்திருப்பதைப் பற்றிச் சிற்ப நோக்குடையவர்கள் பெரும்பாலும் நினைப்பதில்லை. முழங்கால் வலியுள்ள ஒருவர் எழும்போது பாதங்களைப் பின்னுக்கிழுத்து, கைகளை ஊன்றி, உடம்பை முன்னே சாய்க்கிறார். ஆகவே இருக்கைக்குக் கீழே பாதம் போக வெற்றிடம் வேண்டும். ஒரு பக்கத்திலாவது இருக்கையிலிருந்து 20 சென்ரிமீற்றர் அளவு உயரத்தில், உள்ளங்கை பிடிக்கக்கூடிய தடிப்பில் கைபிடி வேண்டும். அடிவரை நிறைந்த ஒரே குற்றியாகத் தோன்றும் வாங்குகள் படத்தில் கம்பீரமாக இருந்தாலும், இந்தக் காரணத்தால் முதியோருக்கு ஏற்றவையல்ல.

ஒரே குற்றியில் குடைவது சிறந்ததா, பலகைகளை இணைப்பது சிறந்ததா?

ஒரே குற்றியில் குடைந்தது என்று சொல்லும்போது கேட்பவருக்கு உண்டாகும் மதிப்பை நாங்கள் உணர்கிறோம். ஆயினும் மரம் எல்லாத் திசையிலும் சமமாகச் சுருங்குவதில்லை. ஆண்டு வளையங்களைச் சுற்றியுள்ள திசையில் சுருங்கும் அளவு, மையத்திலிருந்து வெளிநோக்கிய திசையில் சுருங்குவதைப் போல ஏறத்தாழ இரு மடங்கு. மையத்தோடு சேர்ந்த முழுக் குற்றி காயும்போது அந்த வேறுபாட்டைத் தாங்க முடியாமல் ஆப்பு வடிவில் பிளந்தே தீரும். குற்றியிலேயே செய்ய வேண்டுமானால், மையம் நீங்கும்படி அதை நெடுக்காக இரண்டாகப் பிளந்து ஒரு பாதியை எடுக்கலாம். அல்லது கண்ணிற் படாத அடிப்பக்கத்தில் மையம் வரை ஒரு நீண்ட வாள்வெட்டைப் போட்டு, பிளவு அங்கேயே திறந்துகொள்ளும்படி வழிவிடலாம். வாய்ச்சியால் முதலில் பருவெட்டாகக் குடைந்து, சில மாதங்கள் நிழலில் விட்டு, பின்னர் இறுதி வடிவத்துக்கு வருவது நல்லது.

பலகைகளை அடுக்கி ஒட்டிச் செதுக்கினால், ஒவ்வொரு துண்டின் நாரும் வளைவின் போக்கில் ஓடும்படி தெரிவு செய்ய முடிகிறது. வளைவுக்குக் குறுக்காக நார் ஓடும் இடமே ஒடியும் இடம். மெலிந்த கைபிடிகள் முறிவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். ஒட்டுவதற்குச் சாதாரண வெள்ளைப் பசை போதாது. கடற்கலம் கட்டுவோர் பயன்படுத்தும் எப்பொக்சி பிசின் வேண்டும். எண்ணெய்ப்பசையுள்ள தேக்கை ஒட்டுமுன் முகங்களைப் புதிதாகச் சீவி, அசற்றோன் என்னும் கரைப்பானால் துடைத்து, தாமதியாமல் பூச வேண்டும்.

மூட்டுகளுக்குத் துளையும், அதற்குள் நுழையும் முனையான கழுந்தும் பொருந்தும் பழைய முறையே நம்பத்தக்கது. குறுக்கே வைர மரமுளை அடித்தால் ஆணி வேண்டியதில்லை. உலோகம் தேவைப்படும் இடத்தில் 316 ஆம் தரத் துருப்பிடியாத உருக்கோ சிலிக்கன் வெண்கலமோ பயன்படுத்துங்கள். சாதாரண இரும்பாணி கடற்காற்றில் துருப்பிடிப்பது மட்டுமன்றி, மரத்திலுள்ள தனின் என்னும் துவர்ப்புப் பொருளோடு சேர்ந்து கறுப்புக் கறையாக வழியும்.

கல்வெட்டுப் பாடல் முழுவதையும் பொறிக்கலாமா?

முப்பத்தோராம் நாளில் வெளியிடும் கல்வெட்டு என்னும் நினைவுப் புத்தகத்தில் திதி வெண்பாவும் மக்கள் புலம்பலும் மருமக்கள் புலம்பலும் இருக்கும். அவற்றுக்குரிய இடம் தாள். மரத்தில் பெயரும், ஊரும், தோற்றம் மறைவு ஆண்டுகளும், விரும்பினால் ஒரு வரியும் போதும். அந்த ஒரு வரி அவர் அடிக்கடி சொன்ன வார்த்தையாக இருந்தால், வெண்பாவை விட நெடுங்காலம் நிற்கும். "வந்தனீங்கள், இருந்திட்டுப் போங்கோ" என்று எந்நேரமும் சொல்லும் ஒரு தாயாருக்கு அந்த வார்த்தைகளையே பொறிப்பதைவிட வேறென்ன வேண்டும்?

தமிழ் எழுத்தை மரத்திற் செதுக்குவது ரோம எழுத்தைச் செதுக்குவதிலும் கடினம். மூன்று சுழி ண, இரண்டு சுழி ன, ஞ, இ முதலியவற்றின் சுழிகளுக்குள் சிறு தீவுகளாக மரம் எஞ்சி நிற்கிறது. எழுத்துச் சிறிதாயின் அந்தத் தீவுகள் நாரோடு பெயர்ந்து விழுந்து, சுழி வெறுங்குழியாகிவிடும். எனவே எழுத்தின் உடல் உயரம் 30 மில்லிமீற்றருக்குக் குறையக் கூடாது. கொம்புக்கும் விசிறிக்கும் மேலே தனி இடம் விட வேண்டும். அச்செழுத்துருக்களில் கோடு சில இடங்களில் மயிரிழையாக மெலிவதால், அவற்றை அப்படியே படியெடுக்காமல், ஒரே தடிப்பில் கையால் எழுதித் தருகிறோம். புள்ளிகளை வளைந்த உளியால் இறுதியில் இடுவதே முறை, ஏனெனில் எழுத்து முடிந்த பின்னரே அதன் சரியான இடம் கண்ணுக்குத் தெரியும். வெட்டின் ஆழம் 5 மில்லிமீற்றராவது இருக்கட்டும். ஆண்டுதோறும் தேய்த்து எண்ணெய் இடும்போது மேற்பரப்பு சிறிது சிறிதாகக் குறையும்.

பொறிக்கும் இடம் முதுகுச் சாய்வின் மேற்பட்டையின் முன்முகமாக இருப்பது நல்லது. மல்லாந்த பரப்பில் பொறித்தால் எழுத்துக்குள் நீர் தேங்கும். இருக்கையிற் பொறித்தால் பெயரின் மேல் உட்கார நேரும், அதை நம்மவர்கள் விரும்புவதில்லை. பித்தளைத் தகடுகள் திருட்டுப் போகின்றன என்பதால் அவற்றைப் பொதுவிடங்களுக்குப் பரிந்துரைப்பதில்லை.

மறைந்த நாள் தெரியாதவருக்கு எப்படிப் பொறிப்பது?

2004 டிசெம்பர் 26 இல் கடல் கொண்டுபோனவர்களுக்கு நாளாவது தெரியும். உடல் கிடைக்காதவர்கள் பலர். தொழிலுக்குப் போய்க் கரை திரும்பாதவர்களும், போரில் காணாமற்போனவர்களும் உள்ள குடும்பங்களில் "மறைவு" என்ற சொல்லே ஒரு முடிவை வற்புறுத்துவதாகிவிடும். அந்தச் சொல்லை எழுத வேண்டிய கட்டாயம் எதுவுமில்லை. பெயரை மட்டும் பொறிக்கலாம். பிறந்த ஆண்டை மட்டும் சேர்க்கலாம். பெயரின் பக்கத்தில் வெற்றிடம் விட்டு வைக்கலாம். வீட்டில் எல்லோரும் ஒரே மனமாக இல்லாவிட்டால், காத்திருக்கும் தாயின் அல்லது மனைவியின் சொல்லுக்கே முதலிடம் கொடுங்கள். பொறிக்காமல் விட்ட எழுத்தைப் பிறகு எப்போதும் பொறிக்க முடியும்.

பொதுவிடத்தில் வைப்பதற்கு யாருடைய அனுமதி வேண்டும்?

உள்ளூர் வீதியோரமும் பூங்காவும் பெரும்பாலும் உள்ளூராட்சி மன்றத்துக்கு உரியவை. பாடசாலையில் அதிபரையும் அபிவிருத்திச் சங்கத்தையும், கோயிலில் பரிபாலன சபையையும், பள்ளிவாசலில் நிருவாகத்தையும் எழுத்தில் கேட்க வேண்டும். கடற்கரையில் நிலையான அடித்தளம் இடுவதானால், 1981 ஆம் ஆண்டின் 57 ஆம் இலக்கச் சட்டப்படி உயர்நீர்க் கோட்டிலிருந்து நிலப்பக்கமாக 300 மீற்றர் வரை கரையோர வலயம் என்பதால், கரையோரம் பேணல் திணைக்களத்திடம் முன்கூட்டியே விசாரியுங்கள். திருக்கோணேச்சரத்துக்குச் செல்லும் வழியில், பிரட்றிக் கோட்டைக்குள் வைக்க வேண்டும் என்று பலர் ஆசைப்படுகிறார்கள். அது தொல்லியல் சின்னமாகப் பாதுகாக்கப்படும் இடம். அங்கே தோண்ட முடியாது.

தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் சேர்ந்து நடமாடும் நகரில், பொதுவிடத்து வாங்கில் பெயரை மூன்று மொழியிலும் பொறிப்பது நல்லது. முஸ்லிம் குடும்பங்கள் இத்தகைய வாங்கைச் சதகத்துல் ஜாரியாவாக, அதாவது நன்மை தொடரும் நிலையான தர்மமாகக் கருதிக் கொடுக்கும்போது, உயிருருவங்களைத் தவிர்த்துக் கொடியும் வளைவுமாக அமைக்கச் சொல்வார்கள், அவ்வாறே செய்கிறோம்.

அடித்தளம் எப்படி அமைய வேண்டும்?

வாங்கின் காலை நேரடியாகக் கொங்கிறீற்றுக்குள் புதைக்கவே கூடாது. மரத்துக்கும் சிமெந்துக்கும் இடையே புகும் நீர் வெளியேற வழியின்றித் தங்கி, கால் உள்ளேயே அழுகும். மரத்தின் ஈரம் 20 வீதத்துக்கு மேல் நீடித்தால் பூஞ்சைக்கு வேறொன்றும் தேவையில்லை. கொங்கிறீற்றின் மேல் கருங்கல் பதித்து, துருப்பிடியாத உருக்குத் தண்டை அதில் நிறுத்தி, காலின் அடிமுகம் கல்லிலிருந்து 15 மில்லிமீற்றராவது உயர்ந்திருக்கும்படி பொருத்துங்கள். அடிமுகத்தின் வெட்டுவாயை எப்பொக்சியால் அடைக்க வேண்டும். அந்த இடைவெளி நீரை வடியவிடுவதோடு, கறையான் புற்று ஏறுவதையும் உடனே காட்டிக்கொடுக்கும்.

வாணிஷ் பூசலாமா?

வேண்டாம். படலமாக நிற்கும் எந்தப் பூச்சும் இந்த வெயிலில் சில பருவங்களுக்குள் வெடித்து உரியும். உரிந்த இடத்தால் புகும் நீர் படலத்தின் கீழே தங்கும். பிறகு முழுவதையும் சுரண்டி எடுக்க வேண்டியிருக்கும். ஊடுருவும் எண்ணெயே ஏற்றது. பச்சை ஆளிவிதை எண்ணெய் ஈரக்காற்றில் கரும்பூஞ்சைக்கு உணவாகும் என்பதால், பூஞ்சைத் தடுப்புச் சேர்த்த வெளிப்புற மர எண்ணெயை வாங்குங்கள். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி எறியக் கூடாது. உலரும்போது தானே சூடேறித் தீப்பற்றும். விரித்துக் காயவிடுங்கள், அல்லது நீரில் அமிழ்த்துங்கள்.

எண்ணெயே இடாமல் விட்டால் தேக்கு வெள்ளிச் சாம்பல் நிறமாகும். அது மேற்பரப்பின் நிறமாற்றமே, அழுகல் அன்று. கடற்கரையில் நிற்கும் வாங்குக்கு அந்த நிறமே அழகு என்பது எங்கள் எண்ணம், ஆனால் குடும்பத்தாரில் பாதிப்பேர் உடன்படுவதில்லை.

ஆண்டுதோறும் என்ன செய்ய வேண்டும்?

மாரி முடிந்து மாசியில் மென்மையான தூரிகையாலும் நன்னீராலும் நாரின் போக்கில் கழுவுங்கள். அழுத்த நீர் பீச்சும் இயந்திரம் மரத்தின் மென்பகுதியை அரித்துவிடும். புரட்டாதியில், வாடைக்கு முன், விரும்பினால் எண்ணெய் இடலாம். மூட்டுகளையும் கால்களையும் கறையானுக்காகப் பாருங்கள். பலர் ஆண்டுத் திவசத்துக்கு முந்திய நாளில் பிள்ளைகளோடு சேர்ந்து இதைச் செய்கிறார்கள்.

செலவு எதைப் பொறுத்தது?

மரத்தின் கன அடிக் கணக்கை விட வளைவுகளின் எண்ணிக்கையே செலவைக் கூட்டும். பணம் அளவாக இருந்தால் கைபிடிக்கும் மேற்பட்டைக்கும் மட்டும் சிற்ப வேலை செய்து, இருக்கையை நேர்ப் பட்டைகளாக விடுங்கள். மரத்தின் தரத்திலும் அடித்தளத்திலும் குறைக்க வேண்டாம்.

பட்டை ஒன்று உடைந்தால் முழு வாங்கையும் மாற்ற வேண்டுமா?

இல்லை. இருக்கைப் பட்டைகளைப் பசையிடாமல் திருகாணியால் மட்டுமே பொருத்துவது இதற்காகத்தான். அதே குற்றியில் எஞ்சிய இரண்டொரு பலகைகளைக் குடும்பத்தாரிடமே கொடுத்துவிடுகிறோம். அவற்றை மழை படாத இடத்தில், நிலத்தில் முட்டாமல் கிடையாக வைத்திருங்கள். எந்தத் தச்சரும் பழைய பட்டையை அளவாக வைத்துப் புதியதை வெட்டிப் பொருத்தலாம்.